கிளிக்கூண்டு மிளகாய்

பண்ணையார் தாண்டவராயருக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். அவர் தோட்டத்து ஊசிமிளகாயின் உறைப்பு அந்தச் சீமையில் வேறெங்கும் கிடையாது. ஒரு விதைகூட வெளியே போகக் கூடாதென்று, வேலைக்காரி ஒச்சாயியைத் தினமும் வாசலில் நிறுத்துவார். முந்தானையை உதறச் சொல்வார், கொண்டையை அவிழ்க்கச் சொல்வார்.

அப்படியும் ஒச்சாயி வீட்டு உடைந்த பானையில் அதே மிளகாய் காய்த்துத் தொங்கியது.

பண்ணையார் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார். "திருட்டுக் கழுதை! என் விதை வீட்டைவிட்டு எப்படிப் போச்சோ, அப்படியே என் கையில வந்து சேரணும். இல்லாட்டி நீ ஊரைவிட்டே ஓடணும்!"

"அப்படியேவா சாமி?"

"அப்படியேதான்! இத்தனை பேர் சாட்சி!"

மறுநாள் அதே கூட்டத்தில் ஒச்சாயி ஒரு தகரடப்பாவை நீட்டினாள். வேறு விதையை மாற்றிக் கொடுப்பாளோ என்ற சந்தேகத்தில், பண்ணையார் அவசரமாக அதை உள்ளங்கையில் கவிழ்த்தார். கொழகொழவென்று கிளி எச்சம்!

"உங்க கிளிக்குத் தினமும் மிளகாய் ஊட்டுறது நீங்கதான் சாமி. கூண்டைக் கழுவி, அந்த அசிங்கத்தை வெளியே கொண்டுபோன்னு சொன்னதும் நீங்கதான். வாசல்ல இந்த டப்பாவை மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டு விட்டுருவீக. நல்லாக் கிளறிப் பாருங்க, விதை உள்ளதான் இருக்கு."