வியர்வைச் சால்வை

நெடுங்காட்டுக் கோட்டையை ஆண்ட கடம்பராயர் நல்ல ராஜாதான். குடிகளிடம் வரி குறைவு, வாயில் சொல் இனிப்பு. ஆனால் சங்கீதத்தைத் தராசில் போட்டு எடை பார்த்த ராஜா அவர் ஒருவர்தான் இருக்க வேண்டும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜத் தராசு. அவர் சபையில் யார் பாடினாலும் தோளில் ஒரு பருத்திச் சால்வை போடுவார்கள். வியர்வையை அதில்தான் துடைக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் சால்வை தராசில் ஏறும். எவ்வளவு ஈரமோ அவ்வளவு பரிசு.

இதற்கென்றே பிறந்தவர் பைரவமூர்த்தி பாகவதர். அவர் பாட உட்கார்ந்தால் மிருதங்கக்காரர் தன் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய்விடுவார். பாகவதர் தொடையில் அறைவார், கண்ணை உருட்டுவார், மேல் ஸ்வரத்தைப் பிடிக்க எழுந்தே நின்றுவிடுவார். சால்வையைப் பிழிந்தால் ஒரு செடிக்கு ஊற்றலாம். ராஜா பூரித்துப் போவார்.

அந்த நவராத்திரிக்குச் சபையில் புதிதாகச் சேர்ந்த பாடகி செங்கமலம் பாடினாள். கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பாடினாள். நடுவில் யாரோ தும்மினார்கள், அதற்கும் சிரித்துக்கொண்டே அடுத்த அடியைத் தொட்டாள். வாசல் காவலன் அந்தப் பாட்டை முணுமுணுத்தபடி திருடனுக்கே கதவைத் திறந்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. அவ்வளவு சுகம். ஆனால் சால்வை போட்ட மடிப்புக்கூடக் கலையவில்லை.

"பாடிச்சா, நம்மகூடப் பேசிக்கிட்டிருந்துச்சா?" என்றார் ராஜா.

"நான் உயிரைக் கொடுத்துப் பாடறேன் மகாராஜா. இந்தம்மா மூச்சைக்கூட முழுசாக் கொடுக்கலை" என்று பாகவதர் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்.

"சோம்பேறிக்கு என் சபையில இடமில்லை. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இந்தப் பொண்ணு கோட்டையை விட்டுக் கிளம்பணும்."

மந்திரி சபையில் மருதப்பன் என்று ஒரு குறும்புக்காரன் இருந்தான். அவன் நேரே செங்கமலம் வீட்டுக்குப் போனான். அவள் தம்புராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏம்மா, ஒரு சொம்புத் தண்ணியைச் சால்வையில ஊத்தியிருந்தா வேலை தங்கியிருக்குமே?"

"தங்கியிருக்கும் அண்ணா. அப்புறம் அந்தச் சால்வைக்குப் பயந்து பயந்துதானே பாடணும்?"

மருதப்பனுக்கு மனசு கனத்தது. "மூட்டையைக் கட்டு, வண்டியில மட்டும் ஏத்தாதே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். வரும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ராஜாவுக்குத் தினமும் காலையில் சவரம் செய்கிறவர் ஆண்டியப்பன். அவர் கை அவ்வளவு லேசு. "ஆரம்பிக்கலாமே" என்று ராஜா சொன்னால், "முடிஞ்சு போச்சு மகாராஜா" என்பார். மறுநாள் காலையில் ஆண்டியப்பனைக் காணோம். முறுக்கு மீசையும் பனைமரத் தேகமுமாக ஒருவன் நின்றான். பக்கத்தில் மருதப்பன்.

"ஆண்டியப்பன் எங்கே?"

"நீக்கியாச்சு மகாராஜா. இத்தனை வருஷத்துல ஒருநாளாவது அந்த ஆளுக்கு வியர்த்திருக்கா? சோம்பேறி. இவர் வீரபத்திரன். உயிரைக் கொடுத்துச் சவரம் பண்ணுவார்."

நம்முடைய சட்டம்தானே என்று ராஜா சாய்ந்து உட்கார்ந்தார். வீரபத்திரன் அவர் கழுத்தில் சபைச் சால்வையைக் கட்டினான். சோப்புக்காய் நுரையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அப்பினான். பிறகு தூண் வரைக்கும் பின்னால் போனான். கத்தியை ஓங்கினான்.

"அடே தாடியே! உன் காலம் முடிந்ததடா!"

தரை அதிர ஓடி வந்தான். ராஜா நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிக்கொண்டார். கத்தி மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"மெதுவா, மெதுவாய்யா."

"உணர்ச்சி வேண்டாமா மகாராஜா?" என்று வீரபத்திரன் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினான். "ஐயோ ரோமமே, இந்தக் கன்னத்தைப் பிரிந்து நீ எங்கே போவாய்!" உடனே கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, தொண்டைக்குக் கீழே கத்தியைச் சுழற்றினான்.

"ஆண்டியப்பா!" என்று ராஜா போட்ட கூச்சலில் மாடப்புறா எல்லாம் பறந்துவிட்டது.

மருதப்பன் நிதானமாக வந்து சால்வையை அவிழ்த்தான். தராசில் போட்டான். தட்டு தரையில் இடித்தது.

"பாகவதரையே மிஞ்சியாச்சு. பரிசு கொடுத்திடலாமா?"

"யாருக்கு? அவனுக்கு இன்னும் வியர்க்கவே இல்லையே. இதெல்லாம் என்னுது."

"ஆமா மகாராஜா. பாகவதர் பாடும்போது எங்களுக்கும் இப்படித்தான்."

ராஜா தாடையைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஒரு முடியும் போகவில்லை.

"மரக்கத்தி" என்றான் மருதப்பன். "இவர் தெருக்கூத்துல அசுரன் வேஷம் கட்டறவர்."

ராஜாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஆண்டியப்பனைக் கூப்பிட்டார். அவர் வந்தார். கத்தியை எடுத்தார்.

"எப்போ ஆரம்பிக்கப் போறே?"

"முடிஞ்சு போச்சு மகாராஜா."

ராஜா வழுவழுத்த கன்னத்தை வெகுநேரம் தொட்டுப் பார்த்தார். "தெரியாமலே ஒரு வேலையை முடிக்க எத்தனை வருஷம் பழகணுமோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "செங்கமலம் கிளம்பிடுச்சா?"

"மூட்டை கட்டியாச்சு. வண்டியில ஏத்தலை."

அன்று சாயங்காலம் செங்கமலம் பாடினாள். அதே கிணற்றடிப் பேச்சுதான். பாகவதர்கூட அசையாமல் கேட்டார். மூன்றாவது பாட்டில் ராஜா எட்டி அவள் சால்வையை வாங்கித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருதப்பன் ஓசைப்படாமல் தராசைப் பார்த்து நகர்ந்தான்.

"தராசைத் தொட்டே, தெரியும் சேதி" என்றார் ராஜா. பிறகு சிரித்தார். "அதை மளிகைக் கடைக்காரனுக்குக் கொடுத்திடு. செங்கமலம் எப்பவும் என் சபையிலதான். உனக்கு ரெண்டு பரிசு மருதப்பா. ஒண்ணு முத்து மாலை."

"ரெண்டாவது மகாராஜா?"

"இனி தினமும் உனக்குச் சவரம் பண்ணப் போறது வீரபத்திரன். கத்தி நிஜக் கத்தி."

அன்றிலிருந்து மருதப்பன் தாடி வளர்த்தான்.