விடுதி வாசல் ஜாயிண்ட்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவர் தனுஷ்கோடி இன்ஜினியர். தப்பான இடத்தில் பொக்லைனை வைத்துத் தோண்டச் சொல்லி, தொலைபேசிக் கேபிளை அறுத்தது அவர். விசாரணையில், "சவரிமுத்து போட்ட ஜாயிண்ட் சரியில்லை" என்று என் மேல் போட்டார். பதினெட்டு வருஷம் கண்ணாடி இழைகளை ஒட்டிய என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். "தப்பு என்னுது" என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் வஹீதா மேடம். பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர். எட்டாவது படித்த என்னை ஆய்வகத்தில் நிறுத்தி, "இழை ஒட்டுறதுக்கு இவர்தான் உங்க வாத்தியார்" என்று அவர்களிடம் சொன்னார். என் மகள் வயதுதான். ஆனால் எனக்குக் குரு அவர்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர் பாடத்தைக் கேட்பேன். அத்தனை வருஷம் கையால் செய்ததற்கெல்லாம் காரணம் அங்கேதான் தெரிந்தது.

இந்த வருஷம் அதே வகுப்பில் தனுஷ்கோடி வந்து சேர்ந்தார். பதவி உயர்வுக்கு முதுகலைப் பட்டம் வேண்டுமாம்.

"அட, நீ இங்கேயா இருக்கே?" என்றார். அவ்வளவுதான்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் இழை ஒட்டிப் பழகினார். ஒட்டின இடத்தில் வெளிச்ச நஷ்டம் புள்ளி ஒன்றுக்குள் வர வேண்டும். மெஷின் புள்ளி எட்டு என்று காட்டியது. மறுபடி ஒட்டினார். புள்ளி ஒன்பது. வெட்டிய இழையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். வெட்டிய முனையை எதுவும் தொடக் கூடாது. நான் கைகட்டி நின்றேன்.

"ஓட்டை மெஷின்பா இது. நாளைக்கு ஃபெயில்தான்."

"இருக்கும் சார்."

மேடம் என்னை வெளியே கூப்பிட்டார்.

"அவருக்கு ஏன் வரலைன்னு உங்களுக்குத் தெரியும்தானே அண்ணே?"

"தெரியும். அவர் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி மேடம். நான் எதுக்குச் சொல்லணும்?"

மேடம் வராந்தா அலமாரியிலிருந்து, கல்லூரி லைன்களுக்கு நான் எழுதும் ஜாயிண்ட் நோட்டை எடுத்துப் பிரித்து, என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"விடுதி வாசல் ஜாயிண்ட். நீங்க போட்டது. எவ்வளவு நஷ்டம்?"

"புள்ளி நாலு. அன்னைக்கு நல்ல மழை மேடம். மூணு தடவை போட்டும் சரியா வரலை."

"பிறகு ஏன் லைனைத் திறந்து விட்டீங்க?"

"வெளிச்சம் போய்ச் சேர்ந்துச்சே. பிள்ளைங்க வீட்டுக்குப் பேச வேண்டாமா?"

"நஷ்டத்தை மறைச்சீங்களா?"

"நான் எதுக்கு மறைக்கணும்? எழுதியிருக்கேனே."

மேடம் நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

நான் நோட்டை அலமாரியில் வைத்தேன். பிறகு உள்ளே போனேன்.

"சார், முதல்ல துடைங்க. அப்புறம் வெட்டுங்க. வெட்டினதைத் தொடாதீங்க."

புள்ளி பூஜ்யம் இரண்டு.

"பார்த்தியா, மெஷின் இப்பதான் வழிக்கு வந்திருக்கு" என்றார் தனுஷ்கோடி.

தேர்வில் தேறிவிட்டார். வகுப்புக்கே லட்டு கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. அந்த வார்த்தை கிடைக்கவில்லை.

"இன்னும் சொல்லலை மேடம்" என்றேன்.

"அந்த நஷ்டத்தையும் எழுதி வச்சுக்கோங்க அண்ணே" என்றார் மேடம். "லைன் திறந்தே இருக்கட்டும்."