அடுத்த பம்பில் நின்ற வண்டி

"எனக்கு அப்புறம் சேர்ந்தவ டீச்சர் அவ. அவளை மட்டும் எதுக்கு முதல்ல ரோட்டுக்கு அனுப்பினீங்க?"

கேட்டவள் மரகதம். நாற்பத்தெட்டு வயது, சேலத்தில் தையல் கடை. கேள்வியை வாங்கிக்கொண்ட பௌசியா டீச்சருக்கு முப்பதுதான் இருக்கும். பெண்களுக்கு கியர் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவர்.

அந்த 'அவ', இளவேனி. பேங்கில் வேலை. மூன்று வாரம் பிந்திச் சேர்ந்தாள்.

டீச்சரிடம் ஒரு வழக்கம். பழகி முடித்தவர்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஏற்காடு மலை ஏறுவார். ஒருத்திக்குத்தான் அந்தப் பாக்கியம். உன்னை நம்பி உட்காருகிறேன் என்று அர்த்தம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிற நாள். அந்த ஒருத்தி தானாக இருக்க வேண்டும் என்ற ஏக்கத்தில் மரகதம் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகிவிட்டது.

பொறாமையா என்று யாராவது கேட்டால் சண்டைக்கு வருவாள். பொறாமைதான். வேறென்ன?

டீச்சர் இளவேனியைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு வண்டியில் போய்ப் பெட்ரோல் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

தாங்களே பெட்ரோல் போடுவது இருவருக்கும் அதுதான் முதல் தடவை.

பெட்ரோல் பங்கில் பக்கத்துப் பக்கத்துப் பம்பில் நின்றார்கள். மரகதத்தின் பம்பில் இருந்த பையன் இறங்கச் சொன்னான். அவள் காதில் விழவில்லை. ஜீரோ பாத்துக்கோங்கக்கா என்றான். தலையாட்டினாள். கண்ணெல்லாம் இளவேனி மேல்.

பம்ப் தானாக நின்றது. போதும் என்றான் பையன். மரகதம் விடவில்லை. இளவேனியின் டேங்கை விட ஒரு சொட்டாவது கூட இருக்கட்டுமே என்று இன்னும் ஊற்றச் சொன்னாள். வெயிலில் பொங்கும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அப்புறம் நமக்கென்ன என்று ஊற்றினான்.

விளிம்பு தாண்டி வழிந்தது. புடவையில், சூடான இன்ஜினில். நல்லவேளை, பற்றவில்லை. பையன் அவளைக் கீழே இறக்கி, வாய்க்குள் திட்டிக்கொண்டே வண்டியை ஓரமாகத் தள்ளி, துணியால் துடைத்தான். காய்கிற வரைக்கும் இளவேனி கூடவே நின்றாள். மரகதத்துக்கு அதுவும் பொறுக்கவில்லை.

பயிற்சி மைதானத்துக்குத் திரும்பி வந்தார்கள். டீச்சர் மூக்கைச் சுளித்தார்.

"அக்கா, இளவேனி எப்படிப் பெட்ரோல் போட்டா?"

மரகதம் மடமடவென்று ஒப்பித்தாள். வண்டியை ஆஃப் பண்ணினாள், இறங்கினாள், நடு ஸ்டாண்டு போட்டாள். மீட்டரில் ஜீரோ பார்த்தாள். டேங்குக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பம்ப் நின்றதும் போதும் என்றாள். மூடியைப் பூட்டி, ஆட்டிப் பார்த்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணினாள்.

"ஒண்ணு விடாமச் சொல்லிட்டீங்க. நீங்க எப்படிப் போட்டீங்க?"

மரகதம் யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் இளவேனியின் டேங்க்தான் கண்ணில் நின்றது.

டீச்சர் இளவேனியிடம் கேட்டார். அக்கா எப்படிப் போட்டாங்க?

தெரியலையே டீச்சர், நான் என் வண்டியைப் பார்த்துக்கிட்டிருந்தேன் என்றாள் இளவேனி. சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

மைதானத்தில் இருவர்தான் மிச்சம். டீச்சர் தன் சொந்த வண்டியின் சாவியை எடுத்து மரகதத்துக்கு முன்னால் நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க ஓட்டுங்கக்கா. நான் பின்னாடி உட்காருறேன். இளவேனி வரலை."

மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் ஆசை. கை நீட்டிச் சாவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் கேட்டாள்.

"அன்னைக்கு அவ எங்க போறா டீச்சர்?"

டீச்சர் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நீட்டிய கை அப்படியே நிற்க, தான் என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் மரகதத்துக்கு உறைத்தது.