அடி எங்கே

"நான் பொய் எழுதலை, தாயி," என்றார் குற்றாலலிங்கம். "அதுல ஒரு எண்கூடத் தப்பு கிடையாது. பிறகு ஏன் எனக்குத் தலை நிமிர மாட்டேங்குது?"

தாயி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம் அது. மறுநாள் அன்னதானம். முற்றத்தில் நாலைந்து பெண்கள் கீரைக்கட்டுகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மடத்தை நடத்தும் தாயி. பொன்னுருவி என்பது பெற்றவர்கள் வைத்த பேர். லிங்கத்துக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனசு கலங்கினால் அவர் வந்து நிற்பது அவள் முன்னால்தான்.

லிங்கம் அரசாங்கத்தில் புள்ளிவிவரம் எழுதி ஓய்வு பெற்றவர். இப்போது வலைப்பூ எழுதுகிறார். எங்கே எவ்வளவு மழை, எந்த ஊரில் என்ன விளைச்சல், யார் எவ்வளவு படிக்கிறார்கள், இப்படி. எண்களுக்கு அலங்காரம் பண்ண அவரை விட்டால் ஆளில்லை என்று படிக்கிறவர்கள் சொல்வார்கள். தலைப்புக்கு ஒரு வகை எழுத்து, துணைத்தலைப்புக்கு வேறு வகை. கண்ணில் பட வேண்டிய எண்ணைப் பெரிதாக்கி, வண்ணக் கட்டத்துக்குள் உட்கார வைத்து, சுற்றிலும் வெள்ளை இடம் விட்டிருப்பார்.

"காட்டுங்க," என்றாள் தாயி. ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுச் செல்போனை வாங்கினாள்.

கீழக்குளம் பள்ளி, மேலக்குளம் பள்ளி. பத்தாம் வகுப்பில் எவ்வளவு தேர்ச்சி என்று இரண்டு தூண்கள். மேலக்குளம் பச்சை. படத்தின் உச்சி வரை போயிருந்தது. கீழக்குளம் சிவப்பு. தரையோடு தரையாகக் கிடந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டத்துக்குள், "ஒரே பஞ்சாயத்து. ஏன் இந்தப் பள்ளம்?"

"கீழக்குளத்துப் பிள்ளைங்க படிக்கிறதே இல்லையா?"

"படிக்குது தாயி. தொண்ணூத்தி மூணு. மேலக்குளம் தொண்ணூத்தி ஏழு."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

தாயி திரும்பவும் படத்தைப் பார்த்தாள்.

"வெறும் எண்ணைப் போட்டா யாரு தாயி படிப்பா?" என்றார் லிங்கம். "சாமிக்கே அலங்காரம் பண்ணினாத்தான் கூட்டம் வருது."

"அலங்காரம் பண்ணின சாமியை முதல்ல எங்க பார்ப்பீங்க?"

"பாதத்துல."

"இதுல அடி எங்க?"

"அடிக்குறிப்பா? இருக்கே." விரலால் தள்ளித் தள்ளிக் கீழே கொண்டுபோனார். எல்லாம் முடிந்த பிறகு, சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. "படத்தின் தூண்கள் 0-இல் அல்ல, 92-இல் தொடங்குகின்றன."

"முறைப்படி சொல்லியிருக்கேன்."

"யாருக்கு, எறும்புக்கா?" என்றாள் பக்கத்தில் கீரை உருவிய ஆவுடை.

தாயி சிரிக்கவில்லை. "யாரைப் பார்த்துட்டு வர்றீங்க?"

லிங்கம் தரையில் உட்கார்ந்தார்.

"வடிவு டீச்சரை. கீழக்குளத்துத் தலைமையாசிரியை. பஸ் ஸ்டாண்டுல. கடைக்குள்ள புகுந்துரலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள அவங்க பார்த்துட்டாங்க."

"ஏசினாங்களா?"

"ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். கும்பிட்டாங்க. 'படம் பளிச்சுனு இருந்துச்சு ஐயா, எங்க பிள்ளைங்களைப் பெத்தவங்க எல்லார் போன்லயும் இருக்கு'ன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"டி.சி. எழுதுற புத்தகம் தீர்ந்துபோச்சாம். புதுசு வாங்க டவுனுக்கு வந்தாங்களாம்."

தாயி செல்போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாரும் மேலக்குளத்துக்கு மாத்துறாங்க தாயி. இப்படியே போனா பள்ளியை மூடிருவாங்க."

தாயி எழுந்தாள். "சுடலை, இங்க வாப்பா."

சமையல்கட்டிலிருந்து சுடலைமுத்து கரண்டியோடு வந்தான். நெட்டையன். மடத்து நிலைப்படி ஒவ்வொன்றுக்கும் அவன் நெற்றியைத் தெரியும்.

"ரெண்டு பேரும் அந்தச் சுவருக்குப் பின்னால போய் நில்லுங்க."

முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் புதிதாய் அடித்திருந்தது. லிங்கம் போய் நின்றார். பக்கத்தில் சுடலை.

"ஆவுடை, நீ சொல்லு. ரெண்டு பேரும் எப்படி இருக்காங்க?"

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். சுவருக்கு மேலே சுடலையின் முகம் முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் வழுக்கை உச்சி ஒன்று.

"ஒண்ணு ஆளு. இன்னொண்ணு தேங்காய் மூடி."

பெண்கள் சிரித்தார்கள்.

"ஒண்ணு இன்னொண்ணைப் போல எத்தனை மடங்கு?"

"அஞ்சு மடங்கு இருக்கும், தாயி."

"ஏ ஆவுடை," சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நானும் அஞ்சரை அடி ஆளுதான்."

"எங்களுக்குத் தெரியலையே ஐயா. சுவருதான் தெரியுது. நல்லாப் பளிச்சுனு அடிச்சிருக்கு."

இன்னும் சிரிப்பு.

தேங்காய் மூடி மெல்லக் கீழே இறங்கி மறைந்தது.

சுடலை குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. "தாயி, ஐயா..." என்றான்.

சிரிப்பு அடங்கியது. ஆவுடை கீரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உலை கொதிக்குது. நீ போப்பா," என்றாள் தாயி.

சுடலை போனான். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் பேசியது.

"நான் வெளிய வரலாமா, தாயி?"

"வடிவு டீச்சர் வெளிய வந்துட்டாங்களா?"

கீரை முடிந்தது. பெண்கள் காம்புகளை வாரிக்கொண்டு போனார்கள். வெயில் சுவரில் ஏறிவிட்டது.

லிங்கம் வந்தார். வேட்டியெல்லாம் மண். கையில் செல்போன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயியிடம் நீட்டினார்.

சிவப்பு இல்லை, பச்சை இல்லை. இரண்டும் ஒரே நிறம். இரண்டும் பூஜ்யத்திலிருந்து கிளம்பி, தோளோடு தோள் உரச நின்றன. எது உயரம் என்று கண்டுபிடிக்க உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. வண்ணக் கட்டத்தைக் காணோம். பழைய தலைப்பையும் காணோம். அது இருந்த இடத்தில், அவரிடம் இருந்ததிலேயே பெரிய எழுத்தில், "முதல் படத்தில் அடியை வெட்டியவன் நான்" என்று இருந்தது. கீழே முழுப் பேர்.

தாயி படித்தாள்.

"இதை யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டாங்க, தாயி," என்றார் லிங்கம். "பழசு ஊர் பூரா போயிருச்சு. இதுல பார்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஆமா."

வேறு ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார்.

லிங்கம் துண்டை இடுப்பில் கட்டினார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக அவள் காலடியில் விழுந்தார்.

தாயி வெடுக்கென்று கால்களை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நீங்க வெட்டின அடி இது இல்ல, ஐயா."