இருபத்து நாலு கோல் கயிறு

கேளுங்க கண்ணுகளா. கடல் தண்ணி கரிக்கத் தொடங்கி ரொம்ப நாள் ஆகாத காலம் அது. வெண்கரை என்கிற நாட்டை ஒரு ராசா ஆண்டு வந்தார். அந்த நாட்டில் நெல் விளையாது, கரும்பு விளையாது, மாங்காய் காய்க்காது. உப்பு மட்டும்தான். வருசா வருசம் பாத்திக்கு முப்பத்தாறு மூட்டை உப்பை அரண்மனைக் கிடங்கில் கொட்டினால், ஆண்டு முழுக்க அரிசி வரும்.

பாத்தி பிரிக்க ராசாவிடம் ஒரு கயிறு இருந்தது. இருபத்து நாலு கோல் நீளம். அளவுக்காரர் சாத்தனார் அதை வரப்பு மேலே சுற்றிப் போடுவார். முனையும் முனையும் தொட்டால் அளவு சரி.

"எல்லாருக்கும் ஒரே கயிறு. எல்லாருக்கும் ஒரே நியாயம்" என்பார். ஊரும் தலையாட்டும்.

ஒரு வருசம் புயலடித்துக் கரை உடைந்தது. பாத்திகளைத் திரும்பப் பிரித்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் நாலு பக்கமும் ஒத்த சதுரப் பாத்தி, பக்கத்துக்கு ஆறு கோல். காத்தாயிக்கும் அவள் புருசன் மாசாணனுக்கும் மட்டும் ஓடையோரமாக நீளப் பாத்தி, பத்துக் கோல் நீளம், ரெண்டு கோல் அகலம். கயிறு போட்டுப் பார்த்தார்கள். முனை முனையைத் தொட்டது.

முதல் வருசம் இருபது மூட்டைதான் தேறியது. மாசாணன் இன்னும் விடியலில் எழுந்து வாரினான். ரெண்டாம் வருசமும் இருபது. காத்தாயியும் கூட இறங்கி, கால் வெடிக்க வாரினாள். மூணாம் வருசமும் அதே இருபது.

அடுத்த பாத்தி வெள்ளச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏட்டி காத்தாயி, கயிறு ஒண்ணு, கடல் ஒண்ணு, வெயில் ஒண்ணு. உன் உப்புக்கு மட்டும் கால் முளைச்சுதோ?"

"இல்ல மைனி..." என்றாள் காத்தாயி. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள்.

பேச்சு ராசா காதுக்குப் போனது. உப்பைத் திருடி விற்றுவிட்டான் என்று மாசாணனைக் கிடங்கில் அடைத்தார்கள். "மூணாம் நாள் உச்சிக்குள்ளே வருசத்துக்குக் குறையிற பதினாறு மூட்டைக்கும் வழி சொல்லணும். இல்லாட்டி குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகணும்" என்று ராசா சொல்லிவிட்டார்.

காத்தாயிக்கு நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள். எழுந்தால் நடந்தாள். முதல் நாள் கோலை எடுத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி அளந்தாள். இருபத்து நாலு. திரும்ப அளந்தாள். இருபத்து நாலேதான். ரெண்டாம் நாள் பாத்தித் தண்ணியை நக்கிப் பார்த்தாள், வெள்ளச்சி பாத்தித் தண்ணியையும் நக்கிப் பார்த்தாள். ரெண்டும் ஒரே கரிப்பு. பொங்கின சோறு அப்படியே ஆறிக் கிடந்தது.

மூணாம் நாள் விடிந்ததும், போகத்தானே வேண்டும் என்று வீட்டுச் சாமானைக் கட்டத் தொடங்கினாள். அந்த ஊரில் வீட்டுக்கு முப்பத்தாறு உப்புப் பெட்டி இருக்கும். ஒரு முழத்துக்கு ஒரு முழம், சதுரமாகப் பின்னிய ஓலைப் பெட்டி. அவற்றை ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு என்று தரையில் அடுக்கிக் கயிற்றால் சுற்றினாள். இருபத்து நாலு முழக் கயிறு கச்சிதமாக வந்தது.

அப்போதுதான் நினைத்தாள்: ஓடையில் போகிற தெப்பம் ஒடுக்கம். ரெண்டு பெட்டி அகலத்துக்கு மேல் கொள்ளாது. சரியென்று கயிற்றை அவிழ்த்து, ரெண்டு வரிசையாக அடுக்கித் திரும்பச் சுற்றினாள். கயிறு எட்டவில்லை! இழுத்தாள், எட்டவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துக்கொண்டே வந்தாள். இருபது பெட்டி மிஞ்சியபோதுதான் முனை முனையைத் தொட்டது.

வெளியே கிடந்த பெட்டிகளை எண்ணினாள். பதினாறு.

குறைந்த மூட்டையும் அதே பதினாறுதானே! பெட்டிகளையும் அந்தக் கயிற்றையும் தலையிலும் இடுப்பிலுமாகச் சுமந்து, மூணு நடை ஓடினாள். கடைசி நடைக்கு வெயில் உச்சியை நெருங்கிவிட்டது. கிடங்கு முற்றத்தில் ராசா, சாத்தனார், ஊர்ச்சனம் எல்லாரும் இருந்தார்கள்.

"பெட்டி கொண்டாந்திருக்கா, உப்பக் காணோமே!" என்று யாரோ சிரித்தார்கள்.

கிடங்குக் கதவுக்குப் பின்னால் மாசாணன் இருமுகிற சத்தம் கேட்டது. அவள் குனிந்து கயிற்றை விரித்தாள்.

முதலில், கோலுக்கு ஒரு முழம் என்று வைத்துச் சதுரமாக விரித்துப் பெட்டியால் நிரப்பினாள். "எண்ணுங்க ஐயா." சாத்தனார் எண்ணினார், முப்பத்தாறு.

அதே கயிற்றைத் தன் பாத்தி மாதிரி நீட்டி விரித்தாள். "எண்ணுங்க ஐயா." இருபது.

அதே கயிற்றை இன்னும் ஒடுக்கி, ஒரு பெட்டி அகலத்துக்கு விரித்தாள். "எண்ணுங்க ஐயா." பதினொன்று.

"கயிறு பொய் சொல்லாது பொண்ணே!" என்றார் சாத்தனார்.

"கயிறு பொய் சொல்லல ஐயா. சுத்தளவு எம்புட்டுன்னு கேட்டோம், அது சொல்லிச்சு. உள்ளே பரப்பு எம்புட்டுன்னு நாமதான் கேக்கல. உப்பு வரப்பிலயா விளையுது? உள்ளேதான விளையுது."

வெள்ளச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராசா எழுந்து வந்து, கயிற்றைத் திரும்பக் காத்தாயி பாத்தி மாதிரி விரிக்கச் சொல்லி, தானே ஒருமுறை பெட்டிகளை எண்ணிப் பார்த்தார். வெளியே கிடந்த பதினாறையும் எண்ணினார்.

"சாத்தனாரே, இனிமேல் கயிறு வேண்டாம். கோலுக்குக் கோல் சதுரச் சட்டம் செய்து, பாத்திக்குள்ளே எத்தனை சட்டம் கொள்ளுமென்று எண்ணும். அதற்கேற்ற உப்பைக் கேளும்" என்றார். பிறகு காத்தாயி பக்கம் திரும்பினார். "தப்பு நம்முடையது. என்ன வேண்டுமோ கேள், தாயி. பொன்னா, மாடா, பெரிய பாத்தியா?"

காத்தாயி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"முதல்ல அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்க, மகாராசா."

கண்ணுகளா, வெளிச்சுற்றை மட்டும் அளந்துவிட்டு உள்ளே இருப்பதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.