உட்கார ஒரு இடம்

மாதா கோயில் வாசலில் ஒத்திகை நடந்தது. வருகிற ஞாயிறு அங்கே வைத்துத்தான், புதிதாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர வருகிறவர்களிடம் பங்குச்சாமியார் கேட்பார்: "திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?" "விசுவாசம்" என்று சொல்ல வேண்டும். சொன்னவர்களை உள்ளே அழைத்துப்போவார். அதன் பிறகுதான் ஞானஸ்நானத்துக்கான படிப்பெல்லாம்.

இன்று சாமியார் இடத்தில் நின்று சிஸ்டர் செலஸ்டின் கேட்டார். இசக்கியம்மாளின் மகள் சுடர் கணீரென்று, "விசுவாசம்!" என்றாள்.

அடுத்தது இசக்கி. ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷன். காலையிலிருந்து நின்ற கால் நின்றபடி, வந்தவர்களிடமெல்லாம் "என்ன பாக்கறீங்க?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தாள். இப்போது அவளை ஒருவர் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உக்கார ஒரு எடம்."

வாசல் முழுக்கச் சிரிப்பு.

"எக்கா, பெஞ்சுல துண்டு போட்டு வைக்கட்டுமா?" என்றான் ஆட்டோ ஓட்டும் ஜெயபால். சுடர் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் கலைந்தார்கள். இசக்கி மகளைக் கேட் பக்கம் அனுப்பிவிட்டு நின்றாள்.

"என்னைய அடுத்த வருசத்துக்குத் தள்ளி வச்சிருங்க சிஸ்டர். பிள்ளைய மட்டும் சேத்துக்கோங்க."

"ஏன்?"

"ஒத்த வார்த்தை. அதுகூட வாயில நிக்கல. அப்படின்னா என்னன்னு எனக்கு நெசமாவே தெரியுமான்னு பயமா இருக்கு."

சிஸ்டருக்கும் அலுப்பு. மூட்டுவலி வேறு. உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த இசக்கிக்குப் பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

"உக்காரு."

"இருக்கட்டும் சிஸ்டர். நின்னே பழகிட்டு."

"கேட்டது நீதானே?"

இசக்கி பெஞ்சின் நுனியில் ஒட்டிக்கொண்டாள். கண் வாசலிலேயே இருந்தது. கடையில் அசந்து உட்கார்ந்தால் போதும், சூப்பர்வைசர் எங்கிருந்துதான் வருவாரோ, பேர் சொல்லிக் கத்துவார்.

"யாராச்சும் வந்தா?"

"வரட்டும்."

வாசலில் செருப்புச் சத்தம். சாமியார். இசக்கி பதறிப் பாதி எழுந்துவிட்டாள். சிஸ்டர் அவளைப் பிடிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. எழுந்த உடம்பு ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி உட்கார்ந்தது. இந்தத் தடவை முதுகும் சாய்ந்தது.

"என்ன, ஒத்திகையில ஒரே சிரிப்பாணியா கேட்டுச்சு?" என்றார் சாமியார். "ஞாயித்துக்கிழமைக்கு இந்தம்மா ரெடியா சிஸ்டர்?"

"பாருங்க ஃபாதர்," என்றார் சிஸ்டர். "நீங்க வந்தும் உக்காந்திருக்காங்க."