உடுமலை டிரிஃப்ட் குழுவின் முதல் ஓட்டம்

உடுமலையில் அறிவை அளந்து கொடுத்த அன்றைக்கு மூன்று பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கயிறு வியாபாரம் செய்யும் நாச்சிமுத்து, செக்கு வைத்து எண்ணெய் ஆட்டும் செம்மலை, மினி டெம்போ ஓட்டும் சின்னக்குட்டி. மூவரில் கெட்டிக்காரர் நாச்சிமுத்துதான். அதை அவரே சொல்வார். சொல்லிவிட்டு, "மத்த ரெண்டு பேரையும் பாத்துட்டு அப்புறமா என்னைய மெச்சுங்க" என்றும் சேர்த்துக்கொள்வார்.

மனைவி ராமாத்தாளின் பிறந்த வீட்டில் அவருக்கு அவ்வளவு பெயர்கூடக் கிடையாது. கல்யாணத்தன்று யாரோ, "மாப்பிள்ளை, இந்த மாலையைக் கொஞ்சம் புடிங்க" என்று கொடுத்தார்கள். பந்தி முடிந்து பந்தலைப் பிரிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். "போதும்னு யாரும் சொல்லலீங்களே" என்பது அவருடைய நியாயம். அன்றிலிருந்து அந்த வீட்டு விசேஷங்களில் அவரிடம் எந்தப் பொறுப்பும் கொடுப்பதில்லை. நல்ல காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார வைத்துவிடுவார்கள். காற்று நன்றாகத்தான் வரும். மனசுக்குத்தான் வலிக்கும்.

அப்படி ஒரு காதுகுத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் வினை வந்தது. ராமாத்தாளின் தம்பி திருமூர்த்தி கோயம்புத்தூரில் இருப்பவர். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு காரை எடுத்துத் தரையில் விட்டார். கையில் ரிமோட். கார் நேராகப் போகாமல் பின்பக்கத்தை வீசிச் சறுக்கிக்கொண்டே ஒரு டம்ளரைச் சுற்றி வந்தது. அதற்கு டிரிஃப்ட் என்று பெயராம். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நாச்சிமுத்துவும் ஆசையாகக் கையை நீட்டினார்.

"மாமா, நீங்க இதையத் தொட வேண்டாமுங்க" என்று சிரித்தார் திருமூர்த்தி.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "இதென்ன மாப்ள பிரமாதம்? உடுமலைல நாங்க ஒரு குழுவே வெச்சிருக்கறோம்" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயை அவரே ஆச்சரியமாகக் கவனித்தார்.

"அப்படிங்களா? அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறனுங்க மாமா."

வீடு திரும்பும் பஸ்ஸில் ராமாத்தாள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்கும்போது, "இந்த ஒருக்காவாச்சும் என்ற பொறந்தவன் முன்னால என்னையத் தலை குனிய வெச்சுப்போடாதீங்க" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் கெஞ்சினாள். திருமூர்த்தி வாயால் ஒரு "சபாஷ் மாமா" வாங்காமல் விடுவதில்லை என்று நாச்சிமுத்து முடிவு செய்தார்.

மறுநாளே காரும் ரிமோட்டும் வந்தன. செம்மலையும் சின்னக்குட்டியும் வர, குழுவும் சேர்ந்தது. பிறகு நாச்சிமுத்து திருமூர்த்திக்கே போன் போட்டார்.

"மாப்ள, நம்ம குழுவுல புதுசா ஒருத்தர் சேந்திருக்காரு. சரியான மண்டு. அவருக்குப் புரியற மாதிரி முதல்ல இருந்து சொல்லுங்க."

செம்மலையும் சின்னக்குட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மண்டு யார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

திருமூர்த்தி பொறுமையாகச் சொன்னார். சார்ஜ் ஏறும்போது கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவிட்ச் போட்டதும் விளக்கு மின்னி நிற்கும்வரை ஆடக் கூடாது, அசையக் கூடாது. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஓட்ட வேண்டும். தரை வழவழவென்று இருக்க வேண்டும், பிடிமானமே ஆகாது. ஒரு ரிமோட்டுக்கு ஒரு வண்டிதான். ஜோடி சேர்ந்துவிட்டால் அந்த ரிமோட் வேறெதையும் ஓட்டாது.

முதலில் சார்ஜ் போட்டார்கள். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து காரையே பார்த்தார்கள்.

"ஏனுங்ணா, கண்ணெடுக்காமன்னா இமைக்கலாமுங்களா?" என்று கேட்டார் செம்மலை.

"இமைச்சா கண்ணு மூடுதல்லோ? மூடுன கண்ணுல எப்படிப் பாப்ப?" என்றார் சின்னக்குட்டி.

"அப்ப தூங்கறதும் ஆகாது."

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கு ஒரு முறை இமைப்பது; இமைக்கும்முன் மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு இமைப்பது. "நான் இமைக்கறன், பாத்துக்கோங்க!" "செரி, நீங்க இமைங்க!" என்று குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. ராமாத்தாள் வந்து பார்த்தபோது மூன்று ஆம்பளைகள் கண்ணீர் வழிய ஒரு பொம்மைக் காரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அய்யோ, யாருக்குங்க என்னாச்சு?"

"சார்ஜ் ஏறுது அம்மிணி" என்றார் நாச்சிமுத்து தழுதழுத்த குரலில்.

சார்ஜ் ஏறியதும் ஓட்டியிருக்கலாம். டெம்போ ஓட்டும் சின்னக்குட்டி விடவில்லை. "பூசை போடாத வண்டிய ரோட்டுல எறக்கறதா? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தாம நான் எந்த வண்டியையும் எடுத்ததில்லீங்க."

எலுமிச்சம்பழத்தைக் காருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பழம்தான் வண்டி மாதிரி இருந்தது. நெல்லிக்காயும் பெரிதாகப் போயிற்று. கடைசியில் நான்கு சுண்டைக்காய் நல்லபடியாகப் பொருந்தியது. ஆனால் காருக்கு அதை நசுக்கும் கனம் இல்லை. நான்கு காய்களின்மேலும் ஏறி நின்றுகொண்டது. சின்னக்குட்டி சாமியைக் கும்பிட்டுவிட்டு, கட்டைவிரலால் காரை ஒரே அழுத்தாக அழுத்தினார். சுண்டைக்காய் விதையெல்லாம் சக்கரத்தில் அப்பிக்கொண்டது. "நல்ல சகுனம்" என்றார்.

அடுத்து சுவிட்சைப் போட்டார்கள். உடனே மூன்று பேரும் அப்படியே சிலையாக நின்றார்கள். நாச்சிமுத்து குனிந்த வாக்கில் நின்றார். செம்மலை ஒரு காலைத் தூக்கியிருந்தார். அடுப்பங்கரையில் பால் பொங்கியது. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த ராமாத்தாள், "அடுப்பை அணைங்க!" என்று கத்தினாள். யாரும் அசையவில்லை. பால் தீய்ந்து, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. காரின் விளக்கு எப்போதோ மின்னி நின்றுவிட்டது. ஆனால் அசையலாம் என்று எவரும் சொல்லவில்லை. ராமாத்தாள் ஓடி வந்து, "எழவெடுத்தவனுங்களா, நகருங்க!" என்றபிறகுதான் நகர்ந்தார்கள். நாச்சிமுத்துவின் இடுப்பு நிமிர இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று.

பிறகு வண்டிக்குள் உட்கார்ந்தார்கள். அதாவது, நாற்காலியில் நாச்சிமுத்து ஹெல்மெட் மாட்டி, துண்டால் தன்னை நாற்காலியோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் இரண்டு நாற்காலியில் மற்ற இருவர். நடுத்தரையில் ஒரு பாட்டில் மூடியை வைத்தார்கள். அதைத்தான் சறுக்கிச் சுற்ற வேண்டும். கார் சறுக்கவில்லை. சுண்டைக்காய் பசையில் தரையைக் கவ்விக்கொண்டு நேராகப் போய் பீரோவுக்கு அடியில் நுழைந்தது.

"பாரம் சாஸ்திங்ணா. மூணு பேரு ஏறினா எப்படிச் சறுக்கும்?" என்றார் செம்மலை.

"நியாயந்தான். நீங்க ரெண்டு பேரும் எறங்கிக்கங்க."

"என்னையப் பஸ் ஸ்டாண்டுல எறக்கி உடுங்க, அப்படியே வீட்டுக்குப் போயிக்கறேன்" என்றார் சின்னக்குட்டி.

பாரத்தைக் குறைத்தும் கார் சறுக்கவில்லை. கவலையில் நாச்சிமுத்து மட்டும் மெலிந்தார். சனிக்கிழமை சாயங்காலம்வரை அந்தக் கார் பீரோவுக்கு அடியில் போவதும், மூவரும் குப்புறப் படுத்து விளக்குமாற்றால் இழுப்பதுமாகவே போயிற்று. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாச்சிமுத்து சொன்னார்: "என்ற வாய்க்கும் ஒரு ரிமோட் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அன்னைக்கே ஆஃப் பண்ணியிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்மலைக்கு வெளிச்சம் வந்தது. "ஏனுங்ணா, மாப்ள என்ன சொன்னாரு? தரை வழவழன்னு இருக்கணும். பிடிமானமே ஆகாது. நாம தரைய ஒண்ணுமே பண்ணலியே!"

செக்கு இருக்கக் கவலை என்ன? ஒரு டின் தேங்காய் எண்ணெய் வந்தது. ஹாலின் டைல்ஸ் முழுக்க ஊற்றித் தேய்த்தார்கள். தேய்த்து முடித்தபோது மூவரும் சுவரோரமாகச் சேர்ந்து கிடந்தார்கள். பிடிமானம் சுத்தமாகப் போயிருந்தது. நல்லவேளையாக நாச்சிமுத்துவின் கடையில் கயிற்று மிதியடிக்குப் பஞ்சமில்லை. தரையில் ஆளுக்கொரு மிதியடி விரித்து அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்கள்.

காரை எண்ணெயில் விட்டு ரிமோட்டை அழுத்தினார் நாச்சிமுத்து. சக்கரம் சுழன்றது, கார் நகரவில்லை. இன்னும் அழுத்தினார். சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்றது. கார் இருந்த இடத்திலேயே இருந்தது. நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் குரல் கேட்டது.

"மாமா! குழு எங்கீங்க மாமா?"

ஒரு கையில் ஸ்வீட் பெட்டியும் இன்னொரு கையில் தன்னுடைய ரிமோட்டுமாகத் திருமூர்த்தி உள்ளே கால் வைத்தார். பதற்றத்தில் நாச்சிமுத்துவின் விரல் ரிமோட்டை அழுத்தியது. திருமூர்த்தி கிளம்பினார்.

நல்ல வேகம். முதல் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார், உட்கார்ந்தபடியே வந்தார். டி.வி. ஸ்டாண்டை நோக்கி அவர் போவதைப் பார்த்து நாச்சிமுத்து பதறி ரிமோட்டை வலது பக்கம் திருப்பினார். அதே சமயம் திருமூர்த்தி ஜன்னல் திரையைப் பிடித்தார். திரை அவரை அப்படியே வீசிச் சுழற்றியது. பின்பக்கம் வெளியே தள்ளி, முகம் உள்ளே திரும்பி, பாட்டில் மூடியைத் தொடாமல் அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, நடு ஹாலில் வந்து நின்றார்.

செம்மலையும் சின்னக்குட்டியும் கை தட்டினார்கள். நாச்சிமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாழ்க்கையில் அவர் சரியாகச் செய்த முதல் காரியம் அது.

"பாத்தீங்களா மாப்ள?" என்றார் ஆசையோடு.

திருமூர்த்தி எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. "அக்கா..." என்று முனகினார். சமையலறை வாசலில் ராமாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சின்னக்குட்டிக்கு மட்டும் சந்தேகம். "ஏனுங்ணா, கார் இங்கயேதான நிக்குது? அப்ப உங்க ரிமோட்டு மாப்ளயோட ஜோடி சேந்துருச்சு."

"ஆமாமா. வேறெதையும் ஓட்டாதுன்னு மாப்ளயே சொன்னாரே" என்றார் செம்மலை.

"அப்ப மாப்ள கொண்டாந்த ரிமோட்டு யாரோட ஜோடி?"

மூவரும் யோசித்தார்கள். விழுந்தபோது அவர் கைவிட்ட ரிமோட் வழுக்கி வந்து செம்மலையின் மிதியடியில் முட்டி நின்றிருந்தது. செம்மலை அதை எடுத்து, எதற்கும் பார்ப்போம் என்று அழுத்தினார்.

நாச்சிமுத்து அப்போதுதான் மாப்பிள்ளையைத் தூக்கிவிட மிதியடியிலிருந்து காலை எடுத்து வைத்திருந்தார். எடுத்து வைத்த கால் நிற்கவில்லை. இன்னொரு காலும் கூடவே புறப்பட்டது. மைத்துனரைக் கடந்து, பாட்டில் மூடியைக் கடந்து, பின்பக்கம் முன்னாலாக வாசலை நோக்கிப் போனார்.

"அட, நாந்தானா அது!" என்றார், போகிற போக்கில்.

"அண்ணா, நிலைக்கால்ல இடிக்கப் போறீங்கோ! எந்தப் பக்கமுங்ணா திருப்பறது?" என்று அலறினார் செம்மலை.

"நீ ஒண்ணும் பண்ணாத! ரிமோட்ட மாப்ள கையில குடு! அவருக்குத்தான்டா ஓட்டத் தெரியும்!"

செம்மலை ரிமோட்டைத் தரையோடு தள்ளிவிட்டார். எண்ணெயில் உட்கார்ந்திருந்த திருமூர்த்தி அதைப் பார்த்தார். வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் மாமாவைப் பார்த்தார். கோயம்புத்தூரில் படித்தவர்தான். ஆனாலும் அக்கா புருஷனாயிற்றே. ரிமோட்டை எடுத்து, மெதுவாக இடது பக்கம் திருப்பினார்.

நாச்சிமுத்து நிலைக்காலில் இடிக்காமல், வாசல் வழியாக வழுக்கி, தெருவில் போய் உட்கார்ந்தார்.

"சபாஷ் மாப்ள!" என்று குரல் வந்தது. "இப்ப அப்படியே ரிவர்ஸ் போடுங்க!"